சைக்கிளில் மாட்டிய மூச்சு

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மதியம் முதல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு மந்தாரக்குப்பம் கடைத்தெரு முனையில் இருக்கும் டீக்கடைக்குப் போக வேண்டும். தன்னோடு வேலை பார்த்தவர்கள் நடுவில் நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். எங்கள் வாடகை வீட்டிலிருந்து அந்தக் கடை கண்ணுக்கு எட்டும் தூரம்தான். அவர் மாதக்கணக்கில் அங்கே போகவில்லை.

சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிப் போடும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. நுரையீரல் எதனால் கெட்டது என்று வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை. பீடியும் இருந்தது. கட்டிலருகே கரண்டில் ஓடும் பெரிய ஆக்சிஜன் மெஷின் ஒன்று இருந்தது. அதன் குழாய் வாசற்படி வரை எட்டும். அதோடு அவரும் நின்றுவிடுவார்.

பிறகுதான் சுரங்கக் கம்பெனி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம், தங்கள் பெரியவர் போன பின், அவருடைய தூக்கிப்போகும் மெஷினை எங்களுக்குக் கொடுத்தது. பேட்டரியில் ஓடுவது. வெளிக்காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் மூக்குக்குழாயில் 'புஸ்' என்று விடும். சின்ன அரிசிப் பை கனம் இருக்கும்.

"நீதான் படிச்சவன். பாத்து மாட்டி வுடு" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். புரியாத பொருள் எது வந்தாலும் என் கைக்கு வரும். மூச்சு வாங்குகிற மனிதனின் உடம்பில் பாரத்தை எங்கே வைப்பது என்று டிப்ளமாவில் யாரும் சொல்லித்தரவில்லை.

மெஷினோடு வந்த பையை முதலில் ஒரு தோளில் மாட்டினேன். திணறுகிறவருக்குத் தோளும் சேர்ந்துதான் மூச்சு இழுக்கிறது. அந்தத் தோளையே வார் கீழே அழுத்தியது. குறுக்காகப் போட்டால் நெஞ்சைப் பிடித்தது. இடுப்பில் கட்டினால் வயிறு ஏறி இறங்க இடமில்லை. என் காலேஜ் பையைத் துழாவி எடுத்து முதுகில் மாட்டினேன். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"முதுகுல எவனோ ஏறி உக்காந்துகினு கீறான்டா."

சக்கரம் வைத்த வண்டி ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் தெருக் கல்லில் அது குப்புற விழுந்துகொண்டே வந்தது. "நாய்க்குட்டிய இழுத்துகினு போற மாதிரி கீது, வாணாம்" என்றுவிட்டார். மறுபடி தோளுக்கே வந்தோம்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. காலையில் துடைத்த டிவியில் மாலை விரலால் கோடு போடலாம், அவ்வளவு தூசி. அதனால் டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை. புது மெஷினைப் பார்த்ததும் அம்மா, அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை வெட்டி, கச்சிதமாக ஒன்று தைத்துப் பையின் மேலேயே மாட்டினார். அழகாகத்தான் இருந்தது. நானும் பார்த்துச் சிரித்தேன்.

அப்படியே டீக்கடைக்குக் கிளம்பினோம். மாவு மில் தாண்டவில்லை, மெஷின் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சிவப்பு விளக்கு. தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாண்ணா, பாம் வச்சிகினு போறியா?" மில்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

உறையைக் கிழித்தேன். மெஷின் கொதித்தது. காற்று போகவேண்டிய ஓட்டைகளை அம்மாவின் காக்கி மூடியிருந்தது. அப்பா மில் படியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடினார். மெஷின் சூடு தணிந்து மறுபடி ஓடும் வரை அங்கேயே இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இனிமே அத என் மேல மாட்டாத."

நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. நான் இரவு ஷிப்ட் வேலை முடித்து வந்து தூங்குகிற மதியங்கள் அவை. அவர் டீக்கடையை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள், அவர் வேலைக்குப் போய்வந்த பழைய சைக்கிளுக்கு வாசலில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஆடாமல் இருக்க, குழாய் எட்டும் வாசற்படி வரை வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். டயர் கல்லாகிவிட்டது. அவர் இன்னும் விடவில்லை.

"இன்னாப்பா, நின்னுகினே கீற?"

"இது தாங்குதுடா."

லேசாகக் குனிந்து, இரு கைகளையும் ஊன்றியிருந்தார். தோள் இரண்டும் சும்மா இருந்தன. அப்போதுதான் பார்த்தேன்: ஷிப்டுக்குப் போகும்போது அவர் சாப்பாட்டுப் பை மாட்டும் இடம் ஹேண்டில்பாரில் காலியாக இருந்தது.

சின்ன மெஷினை அங்கே மாட்டினேன். ஓட்டையுள்ள பக்கம் வெளியே. சக்கரத்தில் இடிக்காமல் பழைய டியூப்பைக் கிழித்துக் கட்டினேன். மூக்குக்குழாய் தொங்கி எதிலும் சிக்காமலிருக்க, துணி காயப்போடும் கிளிப்பால் சட்டைக் காலரில் பிடித்தேன். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஷிப்ட் முடிந்து வண்டி தள்ளி வருகிற ஆள். மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நின்றார். அப்படி நிற்பதும் சைக்கிள்காரன் நிற்பது போலத்தான் இருந்தது. மாவு மில்லைத் தாண்டினோம்.

டீக்கடையில் கரி படிந்த முகங்கள்.

"வாய்யா, வா! பெர்மனென்ட் ஆக்கிட்டாங்களா உன்ன? ஆளையே காணோம்!"

"மூக்குல இன்னாய்யா ஒயரு?"

"இங்க காத்து சரியில்லன்னு வூட்லேந்தே கட்டிகினு வந்துட்டன்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்; சிரிப்பு இருமலாகி நீண்டது. ஒருவர் அவர் கையிலிருந்த டீயை வாங்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சைக்கிளைப் பிடித்தார். இருமல் ஓய்ந்ததும் டீயைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது. முழுதும் குடித்தார்.

திரும்பும் வழி நீளமாக இருந்தது. வெயிலில் எனக்குத் தூக்கம் கண்ணை அடைத்தது. வாசலில் மெஷினை அவிழ்க்கப் போனேன்.

"வுடு. அங்கியே இருக்கட்டும். நாளைக்கும் போவணும்ல?"

நாளைக்கும் என் தூக்கம் போனது. சரி என்றேன். அவரை உள்ளே பெரிய மெஷினில் மாட்டிவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகச் சார்ஜர் ஒயரை வெளியே விட்டு, சைக்கிளில் தொங்கிய மெஷினில் சொருகினேன்.

அம்மா வந்தார். கையில் அந்தக் காக்கி உறை. கிழிந்த இடம் தைக்கப்பட்டிருந்தது. மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உறையைச் சைக்கிள் சீட்டின் மேல் மாட்டி, நாலு பக்கமும் இழுத்துவிட்டு, உள்ளே போனார்.