மதில் இடித்த வழக்கு

பஞ்சாயத்து பிரசிடென்ட் பதவியிலிருந்து நான் இறங்கிய மூன்றாம் வாரம் சம்மன் வந்தது. கொல்லயில் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டு மதிலை அதிகாரத் திமிரில் இடித்தேனாம். புகார் கொடுத்தவர் அந்த வீட்டுக்காரரின் மகன்.

நடந்தது இதுதான். அந்த வீட்டு மூலையில் திரும்பும் இடவழி குறுகலான சந்து, ஆம்புலன்ஸ் நுழையாது. உள்ளே ஒரு பெண்ணுக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாற்காலியில் வைத்து ரோடு வரை சுமப்பார்கள். மூலை மதிலை ஒரு முழம் தள்ளிக் கட்டினால் பிரச்சினை தீரும். வீட்டுக்காரரிடம் கையெழுத்துக்காகச் சம்மதப் பத்திரத்தை நீட்டினேன்.

“ஒப்பெல்லாம் பின்ன போடலாம், மக்கா. நீ மதில இடி. நான் சொன்னா சொன்னதாக்கும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னவரிடம் மறுபடியும் தாளை நீட்டினால் முகம் கறுத்துவிடும். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மதிலை இடித்தாயிற்று; ஒப்புப் போடாமலே அவர் இறந்துபோனார்.

பதவியில் இருந்தபோது என்னைக் கேட்காமல் கட்சியில் ஒரு துரும்பும் அசையாது. இப்போது, “கேஸ் தீரட்டும் அக்கா, பின்ன பாப்போம்” என்று ஒரே பல்லவி. தண்டனை கிடைத்தால் இனி எனக்கு சீட்டு இல்லை. போகிற இடமெல்லாம் மதில் இடித்தவள் என்ற பெயரும் கூடவே வரும். உண்மையாகவே பயந்தேன்.

புகார்க்காரர் தரப்புச் சாட்சி யாரென்று தெரிந்ததும் பயம் இரட்டித்தது. எதிர்க்கட்சி மெம்பர். ஐந்து வருஷம் கமிட்டியில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியவர். மதில் இடித்த அன்றும் வந்து, பேப்பர் இல்லாமல் எப்படித் தொடலாம் என்று கத்தியவர்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கூண்டேறினார். சம்மதப் பத்திரத்தில் ஒப்பு இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். வீட்டுக்காரர் அப்போது என்ன சொன்னார் என்று என் வக்கீல் கேட்டார்.

“என்னையாக்கும் ஏசினாரு. ‘என் மதில், நான் இடிக்கச் சொன்னேன், நீ ஆருலே கேக்கதுக்கு’ன்னு.”

மகன் தலை குனிந்தார். வெளியே வந்ததும் மெம்பரைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் அதச் சொன்னீங்க?”

“நடந்ததத்தானே சொன்னேன், பிரசிடென்டே. உங்களத் தோக்கடிக்க எனக்கு ஓட்டு உண்டு. பொய் எதுக்கு?”

வழக்கில் விடுதலையானேன். மறுநாளே கட்சிக்காரர்கள் பழக்கூடையோடு வந்தார்கள். ‘அக்கா’ என்ற அழைப்பில் தேன் ஒழுகியது. மெம்பரை மட்டும் அவருடைய கட்சி ஒதுக்கிவிட்டது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அவர் வந்து உட்கார்ந்ததும் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எனக்கு என் கட்சிக்காரர்கள் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நான் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ரெண்டு கட்சிக்காரனும் பாக்கான், பிரசிடென்டே” என்று முணுமுணுத்தார்.

“நல்லா பாக்கட்டும்” என்று நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டேன்.