மரத்தடிப் பிள்ளை சொன்னது

அன்றைக்கு வீட்டில் நான் இருந்தேன். மகள் செல்வி இருந்தாள். மச்சினன் இருந்தான். செல்வியின் அம்மா இறந்து மூன்று வருசம்.

செல்விக்கு மனோதத்துவம் படிக்க ஆசை. மெட்ராஸ் காலேஜில் நன்றாகச் சொல்லித் தருவார்கள், செலவு அதிகம். பக்கத்துக் காலேஜில் பீஸ் குறைவு, தினமும் பஸ்சில் வீடு திரும்பலாம்.

"பக்கத்துலயே சேரு ஆத்தா. உங்கப்பனுக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா?" என்றான் மச்சினன். எனக்கும் அதே ஆசைதான்.

போடியில் எனக்கு ஏலக்காய் தரம் பார்க்கும் சோலி. மூட்டையில் மேல்காயை நம்பமாட்டோம். அடியில் கைவிட்டு எடுத்துப் பார்ப்போம். அதனால் பக்கத்துக் காலேஜுக்குப் போனபோது ஆபீசில் விசாரிக்கவில்லை. பரீட்சையில் தோற்று மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன்.

"மனோதத்துவ வாத்தியாரு வேலைய விட்டுப் போயி ஒரு வருசமாச்சுய்யா. நாங்களாத்தான் படிக்கிறோம்" என்றது.

இதைச் சொல்லாமல் விட்டால் மகள் என்னோடு இருப்பாள். ராசிங்காபுரம் தாண்டும்வரை பஸ்சில் அதையே நினைத்தேன்.

வாசலிலேயே கேட்டாள். "எப்படிப்பா இருக்கு?"

"அடிக்காய் சரியில்ல. மெட்ராசுக்கே போ."

"செலவுக்கு?" என்றான் மச்சினன்.

"சிலமலைக் காட்டு நெலத்த வித்துருவோம்."

சொன்னது சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் போன அன்று நானே உலை வைத்தேன். எனக்கு மட்டும் எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. அளந்து போட்டேன்.

ஒரு ஆழாக்கு.