பில்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு

வீடு தேடி வந்து சாமான் விற்கிறவனை நான் லேசில் நம்புவதில்லை. கல்முனையில் நாங்கள் குடிப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். போன ரமழான் நோன்பில் ஒரு மாலை, தண்ணீர் பில்டர் விற்கும் ஒருவன் வந்தான். யாரும் குடித்து ருசி பார்க்க முடியாத நேரமாகப் பார்த்து வந்தானோ என்று பட்டது. ஒரு கிளாசில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் பில்டர் தண்ணீரும் ஊற்றி, இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கிக் கரண்ட் கொடுத்தான். எங்கள் தண்ணீர் சாணி நிறமானது. அவனுடையது தெளிவாகவே நின்றது.

"இதத்தான் உங்கட புள்ளைகள் குடிக்குதுகள், சேர்" என்றான்.

மனைவி பதறிப்போனாள். "யா அல்லாஹ்! மகளுக்கு வயித்து வலி வாறது இதாலயா?"

நான் இரசாயனம் படிப்பிக்கிறவன். குசினியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து அவனுடைய தண்ணீரில் போட்டுக் கலக்கினேன்.

"இப்ப கரண்ட் குடுங்க தம்பி."

அதுவும் சாணி நிறமானது. உப்பு ஓர் அயன் சேர்வை. கட்டியாக இருக்கும்போது அதன் அயன்கள் அசையாமல் இறுகிக் கிடக்கும். கரைந்தால் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் கிணற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு; அவனுடைய பில்டர் அதை எடுத்துவிடுகிறது. அந்த நிறம் தண்ணீரின் அழுக்கல்ல, கம்பியின் துரு. இதைச் சொன்னதும் அவன் கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நோன்பு திறக்க மஃரிபு பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்த மனைவி தண்ணீரைத் தொடவில்லை.

"நான்தான் விளங்கப்படுத்தினேனே?"

"ஓம். நீங்க முதல்ல குடிங்க."

பிறந்ததிலிருந்து நான் குடிக்கிற தண்ணீர். ஆனால் வாயில் வைக்குமுன், என் கை அந்தக் கிளாசை லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தது.