இந்த வருஷம் சூனியக்காரி கத்தவில்லை

ஊர்ச் சங்கம் வீடு வீடாகப் போட்ட துண்டறிக்கை இப்படிச் சொன்னது: "ஜூன் 23, துறைமுகத்தில் கோடைவிழா நெருப்பு. தீ மூட்டுபவர்: எய்வின் டொஃப்ட். பழைய மாலுமி, கலகலப்பானவர். பதினெட்டு வருஷமாக நம்மைச் சிரிக்க வைப்பவர்."

எய்வின் பக்கத்துத் தீவுக்குப் படகேறினாலே வாந்தி எடுப்பவர். முப்பது வருஷம் தீ விபத்துக் காப்பீட்டு ஆய்வாளராக, கரிந்த கூரைகளுக்கடியில் நின்று குறிப்பெடுத்தவர். நெருப்பென்றால் பயம். அதனால்தான் இந்த வேலை அவரிடம் வந்தது. பயமில்லாதவன் கையில் கொடுத்தால் துறைமுகமும் சேர்ந்து எரியும். சிரிப்புக்கும் அவர் காரணமில்லை. விறகுக் குவியலின் உச்சியில் வைக்கோல் சூனியக்காரி, அவள் வயிற்றில் சீழ்க்கை வெடி. தீ தொட்டதும் அலறுவாள், அலறியபடி சூனியக்காரிகளின் மலைக்குப் பறந்துபோகிறாள் என்பது ஐதீகம்; டென்மார்க்கே சிரிக்கும். பொம்மையைச் செய்வது அவர் மனைவி ரிக்மோர். வெடியைச் செருகுவது அவர்.

மார்ச்சில் படுக்கையில் கிடந்தபடி ரிக்மோர் சொன்னாள்: "இந்தத் தடவை அவளுக்கு என் நீல மழைக்கோட்டைப் போட்டுவிடு."

"அது நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். கந்தலோட போனா மலை மேல மத்த சூனியக்காரிங்க என்னை உள்ளயே விடமாட்டாளுங்க. சத்தியம் பண்ணு."

பண்ணினார்.

ஏப்ரலில் போய்விட்டாள். கடைசி ஒன்பது நாள் எந்த மருந்துக்கும் வலி கட்டுப்படவில்லை. அவள் அலறியது தெருமுனை வரை கேட்டது. அண்டை வீட்டார் நாகரிகமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜூன் இருபத்து மூன்று, பிற்பகல். உள்ளே ஏதாவது உயிர் படுத்திருக்குமோ என்று, வழக்கம்போல, குவியலைப் பிரித்து மறுபடி அடுக்கினார் எய்வின். ஒரு முள்ளெலி இருந்தது. தொப்பியில் ஏந்திப்போய் வேலியோரம் விட்டார். முள்ளெலிக்காவது ஏதோ செய்ய முடிந்தது.

இந்த வருஷம் அவரே கட்டிய பொம்மைக்குக் கோட்டை மாட்டி உச்சியில் வைத்து முடித்ததும், சங்கத் தலைவி போடில் வெடியோடு வந்தாள். "இந்த வருஷம் ரெட்டை வெடி, எய்வின். எதிர்க்கரை வரைக்கும் கேக்கும்."

"கேக்கும்."

"கோட்டு புதுசா இருக்கே, யாருது?"

"ரிக்மோரோடது."

போடில் மறுபடி அண்ணாந்து கோட்டைப் பார்த்தாள். "அவங்களுக்கு எப்பவும் நல்ல ரசனை" என்றாள்.

"வெடியைக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

சத்தியம் கோட்டைப் பற்றியது. அலறலைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

இரவு ஒன்பதரைக்கும் கோடை வெளிச்சம் போகவில்லை. முந்நூறு பேர், பீர், குச்சியில் மாவைச் சுற்றிச் சுடக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒரு கவுன்சிலர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசி முடித்தார். பாட்டு முடிந்தது. எய்வின் தீ வைத்தார்.

தீ ஏறி, கோட்டின் ஓரத்தைப் பிடித்தது. நீலம் சுருங்கிக் கறுத்தது. கைதட்டத் தயாராக நின்ற முந்நூறு பேரும் காது கொடுத்தார்கள். விறகு வெடிக்கும் சத்தம் மட்டும்தான்.

"என்ன எய்வின், கத்தலையே?"

"வெடி நமுத்துப்போச்சு போல."

"அடக்கமான பொம்பளைப்பா" என்றான் மீன்கடைக்காரன் ஓலுஃப். "என் வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நிம்மதி."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆக, துண்டறிக்கை முழுப்பொய்யில்லை.

இன்றைக்காவது அமைதி கிடைக்கும் என்று எய்வின் நம்பியிருந்தார். கிடைக்கவில்லை. வெளியே கேட்காதது அவருக்குள் கேட்டது. ஒன்பது நாள் பத்தாயிற்று, இனி எண்ணிப் பயனில்லை. கோட்டும் போயிற்று. வீட்டு ஆணியில் மாட்டி வைக்கக்கூட ஒன்றுமில்லை.

அன்று பிற்பகல், போடில் தெருமுனை திரும்பியதும், அவர் வெடியை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியில் ஏறி, கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டார்.