யானைத் தந்தப் பிடி போட்ட ஆறு கத்திகள்

அப்பா இலங்கையில் குருவிட்ட ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் முப்பது வருடத்துக்கு மேல் சமையல்காரர். அவர் ஓய்வு பெற்ற அன்று, தோட்டத்தை நடத்திய துரை ஆறு மேசைக்கத்திகளைக் கொடுத்தார். வெள்ளைக்காரர் காலத்துச் சாமான். அலகு வெள்ளி, பிடி அசல் யானைத் தந்தம் என்று துரையே சொன்னாராம்.

கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டில் ஆறு மேசைக்கத்தி. வெண்ணெய் வெட்டலாம், வெண்ணெய் கிடையாது. பாண் ரொட்டியை வெட்டினால் நசுங்கும். அப்பா அவற்றைத் திருநீறு போட்டுத் துடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். பாராட்டாதவர்களுக்குத் தேத்தண்ணி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சித்தப்பா ஒருநாள் பிடியை நகத்தால் தட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்கு மாதிரி இருக்கே அண்ணே" என்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு கத்தியைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார்.

"டவுனுக்குத்தானே வேலைக்குப் போற. யாருக்கிட்டயாவது நல்லா விசாரிச்சிட்டு வாம்மா."

இரத்தினபுரியில் லென்ஸ் இல்லாத சட்டைப்பை அபூர்வம். நான் வேலை செய்யும் பார்மசிக்கு எதிரே மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் லென்சை வைத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் ஊசியைச் சுட்டுப் பிடியின் அடியில் வைத்தார். கற்பூரம் மணந்தது.

"இது ஆனைக்கொம்பு இல்ல மகள். கொம்பச் சுட்டா முடி கருகின மணந்தான் வரும். இது அந்தக் காலத்துப் போலி. அலகு மட்டும் வெள்ளிதான்."

பஸ்ஸில் எனக்குத் துரை மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் துரை எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். அப்பாதான் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பையையே பார்த்தார்.

"அசல்தாங்கப்பா" என்றேன்.

பங்களாவில் ஒரு கரண்டி சீனி எடுக்கவும் அனுமதி கேட்ட மனுஷன் அவர் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து, சட்டவிரோதமாகத் தந்தம் வைத்திருந்த யாரையோ பொலிஸ் பிடித்துக்கொண்டு போவதை டிவியில் காட்டினார்கள். சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா, பங்களாவில் போட்ட வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கத்திப் பொட்டலம். பொலிசில் ஒப்படைக்கப் போயிருக்கிறார்.

"வாங்க மாட்டேன்னுட்டாங்க. இது போலியாம். வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் விடல. எம்மக படிச்சவ, டவுன்ல விசாரிச்சிட்டு வந்து சொன்னா, அவ எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான்னு சிங்களத்துலயே சொன்னேன். அதுக்கப்புறந்தான் ரொம்பச் சிரிச்சாங்க."