கரிக்கோச்சிக் கான்

எந்தக் கோச்சி ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அப்பாவுக்கு இப்போதும் கோபம் வரும். மட்டக்களப்பு வாவிக்குப் பக்கத்தில், டவுனை ஒட்டி இருந்த ஸ்டேஷன் என்பதோடு விட்டுவிடுகிறேன். தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை அப்பாவுக்கு. மேடைக்குப் பின்னால் பள்ளத்தில் எங்களுக்கு ஒரு குவாட்டஸ் கொடுத்திருந்தார்கள். கோடையில் அது வீடு, மாரியில் அது குளம்.

கார்த்திகை பிறந்தால் வெள்ளம் வாசற்படி ஏறிவிடும். ஏறினால் பத்து நாளுக்கு இறங்காது. கட்டிலுக்குச் செங்கல் முண்டு கொடுத்து, அரிசி மூட்டை, அடுப்பு, நாங்கள் நாலு பேர் என்று சகலதும் அதன்மேல் குடியேறும். எனக்கு அப்போது பத்து வயது. அந்த நாட்கள் எனக்குத் திருவிழா. ஆனால் ஐந்து வயதுத் தம்பிக்கு முட்டு வருத்தம். ஈரம் பட்டால் நெஞ்சு இழுக்கும். போன மாரியில் அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த மாரியும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போய்விட வேண்டும், அப்பா மட்டும் இங்கே இருக்க வேண்டும் என்று அப்பாவும் டாக்குத்தரும் பேசி முடித்திருந்தார்கள். அம்மா மட்டும் ஓம் என்று சொல்லவே இல்லை.

பனிச்சங்கேணியில் அம்மாவின் சீதன வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்கள் கல்யாணம் கட்டின இடத்துக்குப் போய்விடுவார்கள். அம்மாவின் அண்ணனும் அப்படித்தான் வாகரைக் கடலோரத்தில் மாமியின் வீட்டில் இருந்தார். சுனாமி அந்த வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. மாமா, மாமி, நாலு மச்சாள்மார், ஆறு பேரும் மாதக்கணக்கில் முகாமில் நீலத் தறப்பாள் ஒன்றைக் கூரையாகக் கட்டி அதன் கீழே கிடந்தார்கள். பிறகு அம்மாதான் தன் வீட்டைத் திறந்துவிட்டார். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, வாசலில் வாவி, மாமாவின் தோணி. அங்கே போய் மச்சாள்மாரோடு இருப்பதைவிடப் பெரிய மோட்சம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, தம்பிக்கு முட்டு வரக்கூடாது, வெள்ளம் மட்டும் வரவேண்டும் என்று மாதாவிடம் தினமும் செபம் பண்ணினேன். மாதாவால் அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியும் என்றுதான் நம்பினேன்.

முதல் மழை விழுந்ததும் அம்மாவுக்கு ஒரே பிடி. மேடைக்கு அடியில் எங்கேயோ ஒரு கான் இருக்கிறது, தண்ணீர் போக அந்தக் காலத்தில் கட்டியது, அது தூர்ந்து கிடக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி என் செருப்பு. போன வெள்ளத்தில் என் செருப்பு ஒன்று மிதந்து, காற்றுக்கு எதிராக மெல்ல மெல்ல மேடைச் சுவர் வரை போய், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் காணாமற்போனது. செருப்பைத் தொலைத்ததற்கு எனக்கு நல்ல பூசை கிடைத்தது. அடித்ததை அம்மா மறந்துவிட்டார், செருப்பு போன திசையை மறக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார். கரிக்கோச்சி ஓடின நாளில் எஞ்சினுக்கு எவ்வளவு தண்ணீர் பிடித்திருப்பார்கள், சாம்பல் கழுவி எவ்வளவு ஊற்றியிருப்பார்கள், அதெல்லாம் எங்கே போனது என்று கேட்டார். மாஸ்டர் நல்ல மனுஷன். பழைய வரைபடத்தை விரித்துக் காட்டி, அதில் கான் எதுவும் இல்லை என்றார். மேடையில் கைவைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அப்பா மானம் போய்விட்டதென்று இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

மழை விடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டது. எங்களைக் கூட்டிப்போக மாமா வந்தார். வருகிற வழியில் டவுனில் புதுச் சவள் ஒன்று வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை பிடித்து அதையும் கொண்டுவந்திருந்தார். தோணி வலிக்கிற துடுப்பைத்தான் நாங்கள் சவள் என்போம். நான் என் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன். மாமா பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா கானைப் பற்றிச் சொன்னார். மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சவளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

வாவியில் மீன் எங்கே கிடக்கிறதென்று பார்க்க, சவளைத் தண்ணீரில் இறக்கி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். மாமா அதையே மேடைச் சுவரோரம் செய்தார். சேற்றில் சவளை ஊன்றுவார், பிடியில் காதை வைப்பார், ஒரு முழம் தள்ளி மறுபடி ஊன்றுவார். கோச்சிக்குக் காத்திருந்த சனம் மேடையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. என்ன மீன் அண்ணே, விரால்தானா என்று ஒருவர் விசாரித்தார். மாமா நிமிரவே இல்லை. கோழிக்கூட்டடியில் வெகுநேரம் அசையாமல் நின்றார்.

"தங்கச்சி, இதுக்குக் கீழ வெளி கிடக்கு. தண்ணி சொட்டுச் சொட்டா விழுகுது" என்றார்.

வேலை போய்விடும், விட்டுவிடு என்று அப்பா கெஞ்சினார். அம்மா மண் கிண்டுகிற இரும்பு அலவாங்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"மேடையில ஆரு கைவெச்ச? நான் என்ட கோழிக்கூட்டைக் கிண்டுறன். அதுவும் ரெயில்வேட எண்டா, வந்து முட்டையையும் கொண்டுபோகச் சொல்லுங்க."

கோழிக்கூட்டடியைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு இரண்டு நாள் கிண்டினார்கள். கோழிகள் குசினிக்குள் குடிவந்தன. தண்ணீர் மூன்றாம் படியையும் எடுத்தது. மிச்சம் ஒரு படிதான். இரண்டாம் நாள் மத்தியானம் அலவாங்கு கல்லில் பட்டுக் கணீரென்றது. வளைத்துக் கட்டிய செங்கல் வாய் ஒன்று, அது நிறையக் கரிச்சாம்பல், இறுகிக் கல்லாகிப்போய். மாமா குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்து சாம்பலைப் பெயர்க்க, அம்மா கூடை கூடையாக வெளியே இழுத்தார். மூன்றாவது கூடையில், வாயின் மேல் இடுக்கில் இழுபட்டுச் செருகிக் கிடந்த என் செருப்பு வந்தது. அம்மா அதை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்த கூடையை இழுக்கப் போனார். பின்னேரம் பார்த்தால் அப்பாவும் காற்சட்டையை மடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். கோச்சி வரும் நேரமெல்லாம் மாமாவின் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலையாயிற்று.

கடைசி அடைப்பும் விட்டு, மண்மூட்டைகளை இழுத்தெறிந்தபோது மேடைக்கு அடியில் ஆரோ பெரிய ஆள் வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தண்டவாளத்துக்குக் கீழாலே போய் வாவிக்குள் விழுகிற கான் அது. பொழுதுபடுமுன் முற்றத்தில் மண் தெரிந்தது. அம்மா சேற்றிலேயே குந்திக்கொண்டு சிரித்தார், அழுதார். மாமா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். என் மோட்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து கானுக்குள் ஊற்றிவிட்டார்களே! நில்லுங்கள், இரவு தங்கிப் போங்கள் என்று எவ்வளவு சொல்லியும் மாமா கேட்கவில்லை. மாமி பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று சொல்லி, கரி பூசின முகத்தோடு கடைசி பஸ்ஸைப் பிடித்தார். என்னிடம் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

பாலன் பிறந்த நத்தாருக்குத்தான் பனிச்சங்கேணிக்குப் போனோம். மாமி அம்மாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இரண்டு அறையும் கூட்டித் துடைத்து வெறுமையாக இருந்தன. குசினி மூலையில் பானை சட்டி, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இரண்டு பொதியாக வலைக்கயிற்றால் கட்டிக் கிடந்தன. மாமா எங்களைக் கூட்டிப்போக வந்த அன்று கட்டியது, மாரி முடியட்டும் என்று அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். அவற்றுக்கு மேலே அந்த நீலத் தறப்பாள், மடிப்புக் கலையாமல். வீட்டுக்கு உரியவள் பிள்ளைகளோடு திரும்பினால் அண்ணன் குடும்பம் விலகிக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. பத்து வயதில் எனக்கு அது தெரியாது.

மாமி, நீங்க எங்கே போகப்போறீங்க என்று கேட்டேன். அம்மா பொதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். கயிறு இறுகிக் கிடந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார்.

மச்சாள்மார் எல்லாரும் தறப்பாளுக்குக் கீழே படுக்கப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமென்றால் ஆத்திரம். அந்த நத்தார் முழுக்க நான் அவர்களோடு கோபம்.