பாம்புக்கு ஒதுக்கிய அறை

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வருவதற்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு எலி கொடுக்கக் கூடாது. வீடு முழுவதும் மரக்கறி சாப்பிடும் நாளில் பாம்பு மட்டும் மச்சம் தின்பது சரியில்லை என்பது அவருடைய கட்சி. அது கிழமைக்கு ஒருமுறைதான் சாப்பிடும் என்பதால் நான் உடனே ஒத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பத்து வயது.

பாம்பைத் தருவதாகச் சொன்னவர் கோலியர்ஸ் வுட்டில் இருந்த என் வகுப்புத் தோழியின் பெரியம்மா, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வேறு ஊருக்குக் குடிபோகிறவர். பாம்பு செம்மஞ்சள் நிறம், விஷம் இல்லை, மிகவும் சாது. அவர்தான் சாது இல்லை. முதலில் பெட்டி, பிறகுதான் பாம்பு என்றார். பெட்டியை ஆள் வந்து பார்த்துச் சரி என்றால்தான் தருவாராம். கலியாணப் பேச்சில்கூட இவ்வளவு விசாரிப்பு இருக்காது என்றார் அப்பா.

பெட்டி செய்ய எனக்குத் துணை நின்றவர் மாமா, அம்மாவின் தம்பி. பாம்பென்றால் அவருக்கு உயிரே போய்விடும். ஆனாலும் பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும், தூக்கக் கண்ணோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். பழைய மீன்தொட்டி ஒன்றைக் கழுவி, ஒரு பக்கத்துக்குக் கீழே சூடு தரும் ஹீட் மாட் விரித்தோம். சூடு கூடாமல் பார்த்துக்கொள்ளத் தெர்மோஸ்டாட் பூட்டினோம். சூடான பக்கத்தில் ஒன்று, குளிரான பக்கத்தில் ஒன்று என, பாம்பு ஒளித்திருக்க ஐஸ்கிரீம் டப்பாவில் வாசல் வெட்டி இரண்டு குகைகள் வைத்தோம்.

"ஒண்டு காணாதே?" என்று கேட்டார் மாமா.

"காணாது, ரெண்டு வேணும். சூடு வேணுமெண்டாலும் ஒளிக்க இடம் இருக்க வேணும், குளிர் வேணுமெண்டாலும் ஒளிக்க இடம் இருக்க வேணும்."

"எங்களைவிட வசதியாத்தான் இருக்கப் போகுது" என்றார். அவர் எங்கள் முன்னறைச் சோபாவில் படுக்கிறவர். கால் நீட்டினால் பாதம் வெளியே தொங்கும்.

அந்த நாட்களில்தான் மேல்மாடியில் அரிசி மூட்டையும் சூட்கேசுகளும் அடைந்து கிடந்த சின்ன அறையை அம்மா திடீரென்று ஒழித்தார். அப்பா சுவருக்குப் புதிதாக நிறம் பூசினார். பாம்புக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புதுக் கட்டில் ஏன் வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. பெட்டியை அங்கே வைக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிக்க, மாமாவும் மறுக்கத் தெரியாமல் தூக்கி வைத்துவிட்டார்.

உண்மையில் அந்த அறை மாமிக்காக. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஊருக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டு, ஒரு மாதத்தில் தனியாகத் திரும்பி வந்தவர் மாமா. மாமியை எனக்குத் தொலைபேசிக் குரலாக மட்டுமே தெரியும். அவருக்கு விசா கேட்பதென்றால், இங்கே இருக்கத் தகுந்த இடம் உண்டு என்று காட்ட வேண்டும். வீட்டைப் பார்த்து எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வர இருந்தார். ஆனால் விசா விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும், முத்திரை விழும்வரை மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஓட்டைவாய் என்று பெயரெடுத்த எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆகவே, ஒரு சனிக்கிழமை அளவுகோலோடு ஒருவர் வந்து, "அறையைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, பாம்புக்காரப் பெண்மணி அனுப்பிய ஆள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மா தேநீர் போடப் போன சமயம் அவரை மேலே அழைத்துப் போனேன். மாமா பின்னால் வந்தார், கலியாணத்துக்குத் தைத்த கோட்டுப் போட்டிருந்தார். பெட்டியின் பூட்டு, குகைகள், வெப்பமானி எல்லாவற்றையும் விளக்கினேன். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இந்த அறையில் யார் படுப்பது என்றார்.

"பாம்பு" என்றேன்.

"உன் மாமா?"

"கீழே, சோபாவில். எப்போதும் அங்கேதான்."

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மாமா முன்னால் வந்தார். தன் சிக்கன ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பாம்பு கீழே. நானும் என் மனைவியும் இங்கே. எனக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான். வந்தவர் என்னைப் பார்த்து, பெட்டி கீழே இருக்க முடியுமா என்று கேட்டார். காற்று அடிக்காத மூலையென்றால் முடியும் என்று அனுமதி கொடுத்தேன். அவர் சிரிக்காமல் அறையை அளந்துகொண்டு போனார். அறை போதும் என்றுதான் அவர் எழுதினார் என்பது பின்னர் தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே உனக்கு?" என்று அம்மா என்மேல் பாய்ந்தார்.

"விடுங்கோ அக்கா. அவர் கேட்டதுக்குத்தானே அவள் சொன்னவள்" என்றார் மாமா.

பின்னேரம் இருவருமாகப் பெட்டியைக் கீழே இறக்கினோம். பாம்புக்காரப் பெண்மணிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, இடம் மாறியதால் இன்னும் ஒரு கிழமை சூடு சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாம்பைத் தரலாம் என்றுவிட்டார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். வீடு ஆயத்தம், நான் ஆயத்தம், பாம்பும் அங்கே சும்மாதான் கிடக்கிறது, பிறகு எதற்கு இப்படிக் காக்க வைக்கிறார்கள் என்று மாமாவிடம் முறையிட்டேன். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை, கடைசியில் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. ஒரு கிழமை எண்டால் பெரிய கஷ்டம்தான்."

அந்த வீட்டில் என் துயரம் விளங்கிய ஒரே மனிதர் அவர்தான் என்று நினைத்தேன். ஆறுதலாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.